தீவில் கட்டிய குச்சு

தூத்துக்குடி
24-4-1976

அன்புத் தங்கை சங்கரம்மாளுக்கு,

உன் அண்ணன் நயினார் எழுதுகிறேன். மாப்பிள்ளை சொரிமுத்துவுக்குக் கால் வீக்கம் வற்றியதா, கோமதி புருஷன் வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். நீயோ எழுதுகிற ஆள் இல்லை. அதனால் வெட்கத்தை விட்டு நானே முந்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் கப்பல் கம்பெனியில் என்னை ஒரு மாதத்துக்குப் பொருட்காட்சி வேலைக்கு விட்டிருக்கிறார்கள். கடற்கரை மைதானத்தில் பெரிய ராட்டினம், மரணக் கிணறு, பேசும் தலை எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன. இந்த வருஷம் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். தனி டிக்கெட் எடுத்தால் லாஞ்சில் ஏற்றிக் காசுவார் தீவுப் பக்கம் கொண்டுபோய் ஆவுளியாவைக் காட்டுவார்கள். ஆவுளியா என்றால் கடல் பசு. கடலுக்கடியில் புல் மேய்ந்துவிட்டு மூச்சு வாங்க மேலே வரும். பட்டணத்துக்காரர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆட்களை எண்ணி ஏற்றுவதும் எண்ணி இறக்குவதும் என் வேலை.

பள்ளிக்கூடம் லீவுதானே, உன் நடு மகள் வடிவை அனுப்பிவை. எங்கள் வீட்டில் பிள்ளைச் சத்தம் கிடையாது. உன் மதினி ஆறுமுகத்தாய் இப்போதே அவளுக்கு முறுக்கு சுடத் தொடங்கிவிட்டாள்.

கோமதி சடங்கன்று நீ சபையில் வைத்து என்னைச் சொன்ன சொல்லை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

உன் அண்ணன்
நயினார்

கீழப்புதுக்குளம்
30-4-1976

அண்ணன் அவர்களுக்கு,

மறந்துபோன சங்கதியை யாராவது கடுதாசியில் போடுவார்களா? நாலு வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். நான் என்ன பொய்யா சொன்னேன்? மூத்தவள் பெரியவளானதற்குத் தாய்மாமன் சீர் என்று மூன்று தட்டு கொண்டுவந்தீர்கள். அதில் இரண்டு தட்டில் வெற்றிலை. "எங்க அண்ணன் வெத்தலக் கொடிக்காலயே தூக்கிட்டு வந்துட்டான்"னு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்களும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

சரி, போகட்டும். வடிவை வரும் வெள்ளிக்கிழமை அவள் அப்பா கொண்டுவந்து விடுவார். கடல் பசு என்றதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பசு என்றால் கறக்குமா என்று சின்னவள் கேட்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வடிவுக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது. என்றைக்கு வேண்டுமானாலும் ஆகலாம். கோமதி பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரியவளாகி, பெரிய தெரு வழியாக அத்தனை ஆம்பளைகளும் பார்க்க நடந்து வந்தாள். அந்த வருஷம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தாள். கண் பட்டதுதான். வடிவுக்கு அங்கே ஏதாவது ஆனால், ஒரு ஆண் கண்ணில் படாமல் உட்காரவையுங்கள். எனக்குத் தந்தி அடியுங்கள். அவள் தனியாக இருக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டியதும் நீங்கள்தான், தாய்மாமன் கைதான் அதில் பட வேண்டும். சீருக்கு இந்தத் தடவை கொடிக்கால் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குத்தான் எழுதினேன்.

உங்கள் தங்கை
சங்கரம்மாள்

தூத்துக்குடி
12-5-1976

அன்புத் தங்கைக்கு,

உன் மகள் இங்கே ராஜாத்தி மாதிரி இருக்கிறாள். ராட்டினத்தில் ஏழு தடவை ஏறிவிட்டாள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரன் சுற்றும்போது அத்தை கண்ணை மூடிக்கொண்டாள், இவள் கைதட்டினாள். மணப்பாடு, உவரி என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் ஒரே நாளில் பழகிவிடுகிறாள். வாய் உன் வாய்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை லாஞ்சில் கூட்டிக்கொண்டு போனேன். லாஞ்சு விக்டருக்குச் சொந்தம். முன்னே சங்கு குளித்த ஆள், கடலுக்கடியில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று சொல்லுவார். அவரேதான் ஓட்டுகிறார், அவரேதான் காட்டிக்கொடுக்கிறார். தீவு நெருங்கியதும் என்ஜினை அணைத்துவிட்டு வாயில் விரல் வைப்பார். நாற்பது பேரும் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். "மாடு கணக்கா மேயும். ஆனா மீன் கணக்கா உள்ளயே கெடக்க முடியாது. மேல வந்து மூச்சு வாங்கித்தான் ஆவணும்"னு காதுக்குள் சொல்லுகிற மாதிரி சொல்லுவார். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு ஆமையும் நாலைந்து கடற்காக்கையும்தான். வடிவுக்கு முகம் தொங்கிப்போனது. "அழாத தாயி, அடுத்த ஞாயித்துக்கெழம ஒனக்குன்னே வரச் சொல்லுதேன்"னார் விக்டர்.

வரும் பதினாறாம் தேதி மறுபடி போகிறோம். ஆறுமுகத்தாயும் வருகிறாள். அடுத்த வாரம் வடிவை நானே கொண்டுவந்து விடுகிறேன். பந்தியிலும் உட்காருகிறேன், போதுமா?

நயினார்

தூத்துக்குடி
4-6-1976

தங்கைக்கு,

காரியத்தன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி என் முகமும் இல்லை. ஆனால் நடந்தது என்ன என்று நீ என் வாயால் கேட்கவில்லை. ஊரார் சொன்னதை மட்டும் கேட்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு பத்து மணிக்குத் தீவில் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் வடிவு அத்தையை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறுமுகத்தாய் வந்து என்னிடம் சொன்னாள். உன் மகள் பெரியவளாகிவிட்டாள். லாஞ்சில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். விக்டர் மறித்துவிட்டான். "கடலுக்கு ஆவாது அண்ணாச்சி, என் லாஞ்சில ஏத்த மாட்டேன்"னான். கெஞ்சினேன். கேட்கவில்லை. வேறு வழியில்லாமல், பயணிகளுக்குப் போட்டிருந்த பந்தலில் பச்சை ஓலையை உருவிக் குச்சு கட்டி, ஒரு குடம் தண்ணீரும் சோற்றுப் பொட்டலமும் வைத்து, ஆறுமுகத்தாயைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் வேறு படகில் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணம். ஐந்தரைக்குத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு படகையும் விடவில்லை. திங்கட்கிழமை கடல் தீவுக்குள் ஏறியிருக்கிறது. புதன்கிழமைதான் வடிவின் உடல் கரை ஒதுங்கியது. மற்றது உனக்குத் தெரியும்.

ஆறுமுகத்தாய் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். புயலுக்குத் தீவில் ஒதுங்கிய மீன்காரர் இரண்டு பேர் அவளைக் காப்பாற்றினார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பேச்சில்லை.

சப் கலெக்டர் விசாரணை நடக்கிறது. இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். விக்டர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பெற்றவள் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு. நீயும் மாப்பிள்ளையும் போட்டு அனுப்புங்கள்.

நயினார்

கீழப்புதுக்குளம்
10-6-1976

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவரும் போட்டுவிட்டார். அந்த விக்டர் நன்றாக இருக்க மாட்டான். அவன் வீட்டில் பெண் பிள்ளைகள் இல்லையா? ஒரு பிள்ளையை மணல் திட்டில் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்றான்? நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. சாமி முன்னால் மண் வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று வேண்டும். அந்த நாளை நிமிஷம் நிமிஷமாக எனக்கு எழுதுங்கள். பெற்றவளுக்கு அது வேண்டியிருக்கிறது. பகல் முழுக்க அதைத்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், நடுவில் நடுவில் அறுந்துபோகிறது. அவள் என்ன உடுத்தியிருந்தாள்? பயந்தாளா? என்னைத் தேடினாளா? நீங்கள் கரைக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள்? ஐந்தரை வரைக்கும் எங்கெங்கே படகு கேட்டீர்கள்?

அவள் ஆவுளியாவைப் பார்த்தாளா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

சங்கரம்மாள்

தூத்துக்குடி
22-6-1976

தங்கைக்கு,

பார்த்தாள். காலை ஒன்பதரை இருக்கும். தீவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், தண்ணீர் பச்சையாகக் கிடந்த இடத்தில் விக்டர் என்ஜினை அணைத்தான். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு லாஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒரு மூக்கு எழும்பிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. தாயும் குட்டியும். குட்டி தாயின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. வடிவு என் கையைப் பிடித்தவள் நகம் பதிய அழுத்தினாள். சத்தம் போடவில்லை. அவை மறுபடி முங்கிய பிறகுதான், "மாமா, அது என்னையப் பாத்துச்சு"ன்னாள். ஊதாப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள்.

மற்றதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கரைக்கு வந்தோம். அங்கேயும் இங்கேயும் படகு கேட்டு அலைந்தேன். யார் யாரைக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை.

விக்டரைப் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் வைத்துவிட்டார்கள். இந்த எமர்ஜென்சி நாளில் பிடித்தால் பிடித்ததுதான், லேசில் விட மாட்டார்கள். லாஞ்சு லைசென்சையும் ரத்து செய்துவிட்டார்கள். உன் மனுதான் வேலை செய்தது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கடைசி விசாரணை. நீ வர வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கும் இப்போது வர வேண்டாம். ஆறுமுகத்தாய்க்கு ஆட்களைக் கண்டால் நடுக்கம் வருகிறது.

நயினார்

கீழப்புதுக்குளம்
9-7-1976

அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் சிலுவை, இடுப்பில் கைப்பிள்ளை. மரியசெல்வி என்றாள். விக்டர் பெண்டாட்டி என்றதும் நான் விளக்குமாற்றை எடுத்துவிட்டேன். அவள் நகரவில்லை. வெயிலில் வாசலிலேயே நின்றாள்.

"அடிங்கம்மா, அடிச்சுட்டுக் கேளுங்க. பிள்ளைய ஏத்துங்க அண்ணாச்சின்னு எங்க வீட்டாளு கெஞ்சுனாவ. எங்க மூத்தவ அந்த லாஞ்சில வச்சுத்தான் பெரியவளானா, கடல் என்ன செஞ்சிட்டுன்னு கேட்டாவ. கரைக்கு வந்த பொறவும் இந்தா ஒடனே திரும்பிருவோம்னாவ. அண்ணாச்சிதான் பஜாருக்குப் போயிட்டு வாரேன், நில்லுன்னு போனாவ. அஞ்சு மணி வரைக்கும் என்ஜின ஓடவிட்டே நின்னாவம்மா."

பொய் சொல்லாதே போ என்று கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் என் கூடப் பிறந்தவர், அவள் யாரோ. சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால் என் கண்ணுக்கு முன்னால் நீங்கள் என் மகள் மேல் போட்ட கோடி வந்து நிற்கிறது.

தாய்மாமன் என்ற முறையில் கடைசியாகப் போட்டீர்களே, அந்தச் சேலை. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. சாவுக்கு எடுக்கிற சேலையா அது? அன்று அழுகையில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். முந்தி மூலையில் மஞ்சள் தடவியிருந்தது அண்ணே. சாவுக்கோடிக்கு யாராவது மஞ்சள் தடவுவார்களா? புயலுக்குப் பிறகு மூன்று நாள் ஊரில் ஒரு கடை திறக்கவில்லை என்று நீங்கள்தான் எல்லாரிடமும் சொன்னீர்கள். அப்படியென்றால் அதை எப்போது எடுத்தீர்கள்?

பஜாரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

சங்கரம்மாள்

தூத்துக்குடி
16-7-1976

சங்கரம்மா,

உன் கடுதாசி வந்து நாலு நாளாகிறது. ஆபீசுக்குப் போகவில்லை. ஒளித்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

விக்டர் மறிக்கவில்லை. ஏற்றச் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன். லாஞ்சில் முன்பின் தெரியாத முப்பது ஆம்பளைகள். அத்தனை பேர் நடுவில் அவளை உட்காரவைத்துக் கூட்டி வந்தால் நீ என்ன சொல்லுவாய் என்றுதான் நினைத்தேன். கோமதிக்கு நடந்தது இவளுக்கும் நடந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். குச்சைக்கூட மேட்டில் கட்டாமல், ஆள் நடமாட்டம் தெரியாத தாழ்வான பக்கமாகப் பார்த்துக் கட்டினேன். "அங்கன வேண்டாம் அண்ணாச்சி, தண்ணி ஏறுத எடம்"னு விக்டர் சொன்னார். ஒரு சாயங்காலத்துக்குத்தானே என்றேன். எனக்கு வயல் தெரியும், குளம் தெரியும். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வடிவிடம், "அம்மை வந்து கூப்பிடுத வரைக்கும் வெளிய வரப்பிடாது, ஆம்பளை கண்ணுல படப்பிடாது"ன்னு சொல்லிவிட்டு வந்தேன். சரி மாமா என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கரை. தெற்கே மேகம் சரியில்லை, ஆட்களை இறக்கிய கையோடு திரும்பிவிடுவோம் என்று விக்டர் துடித்தார். கொஞ்சம் பொறு என்று பஜாருக்குப் போனேன். தந்தி ஆபீசைத் தாண்டித்தான் போனேன். முதலில் சீரை எடுப்போம், பிறகு தந்தி என்று நினைத்தேன். முகூர்த்த மாதம் ஆனதால் ஞாயிற்றுக்கிழமையும் ஜவுளிக்கடை திறந்திருந்தது. முதல் கடையில் பட்டு பிடிக்கவில்லை. இரண்டாவது கடையில் கரை பிடிக்கவில்லை. மூன்றாவது கடையில் ஒவ்வொன்றாக விரித்துப் போடச் சொல்லி, சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். பித்தளைத் தாம்பாளம், வளையல், சாந்து, பழம், கல்கண்டு, எல்லாம் சேர்த்துப் பதினோரு தட்டுக்கு வாங்கினேன். பதினோரு தட்டையும் வரிசையாகத் தூக்கிக்கொண்டு உன் தெருவில் நடக்கும்போது நீ வாசலில் நின்று பார்ப்பாய் என்று நினைத்து நினைத்து வாங்கினேன். அந்த நாலு மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் சங்கரம்மா. அதை நினைத்தால்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

துறைக்குத் திரும்பும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. காற்று எழும்பிவிட்டது. விக்டர் கையைப் பிடித்து இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணி வரை ராகு காலம். சீரை எடுத்துக்கொண்டு ராகு காலத்தில் படகு ஏறக் கூடாது, ஆறு மணிக்குப் புறப்படலாம் என்றேன். "நான் மட்டும் போயி பிள்ளையக் கூட்டியாரேன், விடுங்க"ன்னார். ஒரு ஆம்பளை தனியாகப் போய் அவளைக் கூட்டி வருவதாவது என்று சத்தம் போட்டேன். ஐந்தரைக்குக் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

போலீசுக்காரர் முதன்முதலாகக் கேட்டபோது, விக்டர்தான் மறித்தார் என்று என் வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை வந்ததைப் பிறகு மாற்ற முடியவில்லை. எழுத்தில் ஏறிவிட்டது.

இதை நீ யாரிடமும் சொல்லாதே. எனக்கு வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போவேன். அதை விடு. விசாரணைக் கச்சேரியில் கூட்டத்துக்கு முன்னால் வடிவின் சங்கதியை வாய்விட்டுப் படிப்பார்கள். செத்த பிள்ளையை அப்படி நிறுத்த வேண்டுமா? விக்டருக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோதான் ஆகும் என்கிறார்கள். திரும்பி வந்துவிடுவார்.

நீ அன்று அந்தச் சபையில் என்னை அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்று பஜாருக்குப் போயிருக்க மாட்டேன். இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நயினார்

கீழப்புதுக்குளம்
25-7-1976

இனி உன்னை நீங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினிக்கு ஆட்களைக் கண்டால் நடுக்கம் வரும் என்று எழுதினாய். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் பேசாதவள் ஒரு மணி நேரம் பேசினாள். உன்னைக் கண்டால்தான் நடுங்குகிறாள்.

அவள் சொன்னதை நீயும் தெரிந்துகொள். திங்கட்கிழமை பகல் பத்து மணிக்குத் தண்ணீர் குச்சுக்குள் வந்துவிட்டது. மேட்டில் ஒதுங்கியிருந்த மீன்காரர் இரண்டு பேரும் "இங்கன ஏறி வாங்க"ன்னு கத்தினார்கள். மதினி வடிவைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, அங்கன ரெண்டு ஆம்பளைய நிக்காவ. மாமா வெளிய வரப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ. அம்மை வையும்"னு ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மதினி மேட்டுக்கு ஓடினாள். "எய்யா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, பொம்பளப் பிள்ளை வரணும்"னு கும்பிட்டாள். நல்ல மனிதர்கள். இரண்டு பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அலை வந்தது. அதனால் என் மகளை அலை தூக்கியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. மதினி திரும்பிப் பார்க்கும்போது குச்சும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அம்மை வையும் என்றாளாம். நான் வைவேன்தான். எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். உனக்குக் கடுதாசி எழுதினேனே, ஒரு ஆண் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று, அதை எழுதியதும் இந்தக் கைதான். சபையில் உன்னை அப்படிச் சொன்னதும் இந்த வாய்தான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. என் பங்கு என்னிடம் இருக்கிறது, சாகிற வரைக்கும் அது என்னோடுதான் கிடக்கும். ஆனால் விக்டர் எதைச் சுமக்க வேண்டும்? திரும்பி வந்துவிடுவார் என்று எழுதுகிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா? ஏற்று ஏற்று என்று கெஞ்சின மனுஷன் மேல் நான் மண் வாரித் தூற்றியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு ஜெயிலில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் தேதி நீயே எழுந்து உண்மையைச் சொல். நீயாகச் சொன்னால் நீ என் அண்ணன் என்பதாவது மிஞ்சும்.

சங்கரம்மாள்

தூத்துக்குடி
29-7-1976

சங்கரம்மா,

சொல்கிறேன். ஐந்தாம் தேதி நானே சொல்கிறேன். பெற்ற அம்மா மேல் ஆணை. நீ அத்தனை பேர் முன்னால் வந்து நிற்க வேண்டாம். மாப்பிள்ளைக்கும் தலைகுனிவு. என்னை நம்பு, வராதே.

நயினார்

கீழப்புதுக்குளம்
7-8-1976

நயினாருக்கு,

வராதே என்று எழுதினாய். நான் வந்தேன். கடைசி பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

நீ சொல்லுவாய் என்று நம்பித்தான் வந்தேன். உன் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனாயே, அப்போதுகூட எனக்கு உன் மேல் பாவமாக இருந்தது. அண்ணன் சொல்லிவிடுவான், சொல்லிவிட்டு வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "படகோட்டி மறித்தது உண்மைதானா?" என்று சப் கலெக்டர் கேட்டார். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மைதானுங்க ஐயா" என்றாய். விக்டர் கைகட்டி நின்றபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "நான் செத்த பிள்ளையோட தாயி. இவுக சொல்லுதது பொய்யி"ன்னு சொன்னேன். முன்னால் வரச் சொன்னார்கள். போனேன். உன் கடுதாசியைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளுக்கு என்ன நேர்ந்தது, எங்கே வைத்து நேர்ந்தது, குச்சு எந்தப் பக்கம் கட்டப்பட்டது, அவள் ஏன் வெளியே வரவில்லை, எல்லாவற்றையும் ஐம்பது அறுபது ஆம்பளைகளுக்கு முன்னால் நின்று சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். கேட்காத இடத்தில் திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பிச் சொன்னேன். எதைப் பார்த்து நீயும் நானும் இவ்வளவு பயந்தோமோ அதை நான் சத்தமாகச் சொல்லி முடித்தபோது, ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா என் பிள்ளை செத்தாள்?

"பொய் சொன்ன சாட்சி உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். கூடப் பிறந்தவன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

விக்டரை விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். வாசலில் மரியசெல்வி காலில் விழப் போனேன், அவள் விடவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். கவனிக்க ஆள் இல்லாமல் துறையில் கட்டிக் கிடந்த லாஞ்சு ஆனிக் காற்றில் பாறையில் மோதி இரண்டாகப் போய்விட்டதாம். பக்கத்தில் நின்ற யாரோதான் சொன்னார்கள்.

மதினி இங்கே என்னோடு இருக்கிறாள். உன் வீட்டுக்கு இனி வர மாட்டாள். அவள் துணிமணிகளை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். உன்னைத் தேடிப் போலீசு வந்தால் ஓடாதே, அதையாவது செய்.

சின்னவளுக்கு வயது பதினொன்று. இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. அவளுக்கு ஆகும்போது வீட்டுக்குள் என் பக்கத்திலேயே படுத்திருப்பாள். குச்சு கட்ட மாட்டோம். சபையும் கூட்ட மாட்டோம். தாய்மாமன் எங்கே என்று யாராவது கேட்டால், இருக்கிறான் என்று மட்டும் சொல்லுவேன். உனக்குத் தாக்கல் சொல்லி அனுப்ப மாட்டோம். வேறு யார் மூலமாவது உன் காதுக்கு எட்டினாலும், தட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடாதே.

சங்கரம்மாள்